கரப்பான் ஒழியக் கடை மருந்தா? வீட்டு வழக்கமா?

(திருத்தணியில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் ‘வீட்டு வழக்கமே’ என்ற அணியில் பேசியது)

சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லி, சொன்ன பிறகு எங்களை அழவைக்கிற நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே மருந்து டப்பாவைக் கையில் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! தணிகை மலை அடிவாரத்திலே இந்தப் புழுக்கத்திலும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

எதிரணித் தலைவர் பேசும்போது ஒன்று சொன்னார். “பேராசிரியருக்குக் கம்பனைத் தெரியும், கபிலரைத் தெரியும், கரப்பானைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டார். ஐயா, கல்யாணமாகி முப்பது வருஷமாகிறது. ராத்திரி சமையல்கட்டிலே “வீல்” என்று சத்தம் வந்தால், செருப்போடு ஓடுகிற ஆள் யார்? நான்தானே! (சிரிப்பு)

பேரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தமிழ் வாத்தியார் பழக்கம், மன்னிக்க வேண்டும். கரத்தல் என்றால் மறைத்தல், ஒளித்தல். இருப்பவன் இல்லை என்று ஒளிப்பதைக் கரப்பு என்ற சொல்லால்தான் வள்ளுவர் சொல்கிறார். கரந்து வாழ்வது கரப்பான் என்று சொன்னால் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நம் ஊரிலே இன்னொரு பெயரும் உண்டு, பாச்சை. நாலு தெரு தள்ளிப் போனால் தெலுங்கிலே பொத்திங்க. எல்லை ஊர் அல்லவா, கரப்பானுக்கே இங்கே இரண்டு மொழி தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

எல்லை என்றதும் ஞாபகம் வருகிறது. ம.பொ.சி. ஐயா முதலான பெரியவர்கள் போராடினார்கள், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. மனிதர்களுக்கு எல்லை போடச் சட்டம் போதும். கரப்பானுக்கு எது எல்லை? உங்கள் வீட்டுச் சிங்க்கின் சல்லடைதான் எல்லை! அங்கே காவல் இல்லை என்றால், சந்தையிலே இருக்கிற எல்லா மருந்தையும் வாங்கி வந்து கொட்டினாலும் பயன் இல்லை. இதுதான் எங்கள் கட்சி.

எதிரணியிலே வங்கியில் வேலை பார்க்கும் தம்பி பேசினார். “ஒரு அடி அடிச்சேன், கால் மேலே தூக்கிக்கிட்டுச் செத்துப்போச்சு” என்றார். தம்பி, எத்தனை செத்தது? நாலு. நீங்கள் பார்த்தது நாலு. பார்க்காதது?

நம் வீட்டிலே முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பெரியது, செம்பழுப்பு நிறம், சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் குடியிருப்பது. இதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். ஆனால் பூர்வீகம் ஆப்பிரிக்கா! இன்னொன்று சின்னது, விரல் நகம் அளவு. மிக்ஸி அடியிலே, பிரிட்ஜ் மோட்டார் பக்கத்திலே, கடிகாரத்துக்குப் பின்னாலே இருக்கும். இதற்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். 2024-இல் மரபணுவை வைத்து ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன்னே இந்தியா அல்லது மியான்மர் பக்கத்திலே மனிதக் குடியிருப்போடு ஒட்டிக்கொண்ட இனம் அது என்று தெரிய வந்தது. பெயர் ஜெர்மன், ஊர் நம்ம பக்கம்! சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்த காலத்திலேயே அது குடித்தனம் வந்துவிட்டது. இரண்டாயிரம் வருஷக் குடித்தனக்காரனை ஒரு டப்பா மருந்தாலே காலி பண்ணிவிடுவேன் என்றால் அந்தப் பாச்சா பலிக்குமா? (பலத்த கைதட்டல்)

பலிக்காது என்பதற்குக் காரணம் சொல்கிறேன். இந்தச் சின்னக் கரப்பான் ஒரு முட்டைக் கூட்டிலே முப்பது, நாற்பது முட்டை வைக்கும். கூட்டைக் கீழே போடாமல், பொரிக்கும் நாள் நெருங்கும் வரை வயிற்றுக்குப் பின்னாலே சுமந்துகொண்டே திரியும். பெரிய கரப்பான் கூட்டை அட்டைப் பெட்டியிலோ அலமாரி இடுக்கிலோ ஒட்டிவிட்டுப் போய்விடும், அதிலே பதினைந்து சொச்சம். நீங்கள் அடிக்கிற மருந்து அந்தக் கூட்டுக்குள்ளே சரியாக இறங்காது. தாய் சாகும், கூடு இருக்கும். சில வாரம் கழித்துப் பொடிப்பொடியாகக் கிளம்பும். அப்போது கடைக்காரரிடம் போய், “போன மாசம் கொடுத்தது போலி மருந்துய்யா” என்று சண்டை போடுகிறோம். மருந்து போலி இல்லை, நம் கணக்குத்தான் போலி.

அதிலும் நம் ஊர் வெயில் இருக்கிறதே! அக்னி நட்சத்திரத்திலே வெப்பப் பட்டியல் வாசித்தால் திருத்தணி பெயர் வராமல் போகுமா? பூச்சிக்கு நம்மைப் போல உடம்பிலே சொந்தச் சூடு கிடையாது. வெளியே கதகதப்பு ஏற ஏற அது சீக்கிரம் வளரும், முட்டை சீக்கிரம் பொரியும். குளிர்தேசத்திலே அடுப்படிக் கதகதப்பைத் தேடிப் போகிற பூச்சிக்கு, இங்கே ஊரே அடுப்படி! (சிரிப்பு)

ஆனால் இந்த வெயிலிலேதான் அதன் உயிர்நிலையும் இருக்கிறது. கரப்பான் சோறில்லாமல் வாரக்கணக்கிலே தாங்கும். தண்ணீர் இல்லாமல் அந்த அளவு தாங்காது. கோடையிலே ராத்திரி சமையல்கட்டுக்கு அது வருவது உங்கள் சாம்பாருக்காக மட்டும் இல்லையம்மா, சொட்டுகிற குழாய்க்காகவும்தான். ஈரத் துணி, சிங்க்கிலே ஊறுகிற பாத்திரம், பிரிட்ஜுக்குப் பின்னாலே இருக்கிற தண்ணீர்த் தட்டு, தொட்டிச் செடிக்கு அடியிலே இருக்கிற தட்டு. இந்த நாலையும் படுக்கும் முன்னே உலர்த்திவிட்டால், அதற்குத் தண்ணீர்ப் பந்தலை மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு வாஷர் என்ன விலை? மருந்து டப்பா என்ன விலை? வங்கித் தம்பியே வட்டியோடு கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

இன்னொரு சங்கதி, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையிலே நஹானி டிராப் இருக்கிறதே, அதன் உள்ளே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கிற பூட்டு அதுதான். பூட்டிய வீட்டிலே, இந்த வெயிலிலே, அந்தத் தண்ணீர் வற்றிவிடும். பூட்டு திறந்துவிடும். நீங்கள் வாசலிலே கோத்ரேஜ் பூட்டுப் போட்டுவிட்டுப் போனீர்கள், அது சாக்கடை வழியாகக் கிரகப்பிரவேசம் செய்துவிட்டது! (சிரிப்பு) போகும் முன்னே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். காசா, பணமா?

எதிரணிச் சகோதரி, “விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, புது மருந்து வந்துவிட்டது” என்றார். அம்மா, விஞ்ஞானம் வளர்ந்தது உண்மை. கரப்பானும் வளர்ந்துவிட்டது! அமெரிக்காவிலே குளுக்கோஸ் கலந்த தின்னும் மருந்து வைத்தார்கள். இனிப்பை விரும்பியது தின்று செத்தது. பிறவியிலேயே குளுக்கோஸ் பிடிக்காத நாலு பிழைத்தது. அதன் பிள்ளை குட்டிகள் பெருகின. இது 1993-இலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பூச்சிகளின் நாக்கிலே, நாக்கு என்று சொல்வது நம் வசதிக்காக, குளுக்கோஸ் கசக்கிறது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். ஐயா, டாக்டர் தலைகீழாக நின்று சொல்லியும் நம்மால் இனிப்பை விட முடியவில்லை. கரப்பான் விட்டுவிட்டது! (நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

இவ்வளவு நேரம் சிரித்தோம். இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

சில வருஷத்துக்கு முன்னே, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, என் வீட்டிலே கரப்பான் தொல்லை. மகளும் பேத்தியும் வருகிறார்கள், வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம். கோபம் வந்தால் நாம் என்ன செய்வோம்? கடைக்குப் போவோம். போரிக் பவுடர் வாங்கி வந்தேன். கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, பால் விட்டுப் பிசைந்து உருட்டினேன். ஒரு சின்ன எவர்சில்வர் தட்டிலே வைத்து அலமாரிக்கு அடியிலே தள்ளினேன். எல்லோரும் செய்வதுதானே?

பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. தவழ்ந்து விளையாடுகிற குழந்தைக்கு அலமாரிக்கு அடிதானே ராஜ்யம்! மறுநாள் அந்தத் தட்டோடு வெளியே வந்தது. வாயிலே மாவு. “தாத்தா, லட்டு” என்றது.

ஐயா, அந்த உருண்டையை உருட்டிய கை இந்தக் கை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். “என்ன கலந்தீங்க, எவ்வளவு கலந்தீங்க, எத்தனை உருண்டை இருந்துச்சு?” என்று டாக்டர் கேட்கிறார். முனைவர் பட்டம் வாங்கிய எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனை உருண்டை உருட்டினேன் என்று எண்ணவே இல்லை. இரண்டு ராத்திரி அங்கேயே இருந்தோம். குழந்தை பிழைத்தது. இன்று பள்ளிக்கூடம் போகிறது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலே யாரும் லட்டைத் தொடவில்லை. (அமைதி)

எனக்கு முருகன் அருள் இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. முருகப்பெருமான் திருத்தணிக்கு வரும் வழியிலே குன்றத்தூரிலே தங்கினான் என்று சொல்வார்கள். அந்தக் குன்றத்தூரிலே 2024 நவம்பரிலே நடந்ததை நீங்கள் செய்தியிலே பார்த்திருப்பீர்கள். எலிக்காக வீட்டிலே வைத்த மருந்து. ராத்திரி குடும்பமே தூங்கியது. விடிந்தபோது பெற்றோர் உயிருக்குப் போராட, இரண்டு பச்சைக் குழந்தைகள் போய்விட்டார்கள். அந்தத் தாய் தகப்பன் செய்த குற்றம் என்ன? வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததுதானே! இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. விஷம் விஷம்தான் என்று ஞாபகப்படுத்த வந்தேன்.

1958-இல் கேரளத்திலே பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமே வந்தது. இன்றும் டப்பாவின் மேலே ஒரு சாய்சதுரம் இருக்கும். கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் குறைந்த விஷம். குறைந்த விஷம் என்றுதான் அர்த்தம், விஷம் இல்லை என்று அர்த்தம் இல்லை! சினிமா போஸ்டரை நின்று படிக்கிற நாம், அந்தச் சதுரத்தை ஒரு தரம் பார்க்கக் கூடாதா?

நடுவர் கேட்பார், “அப்படியானால் மருந்தே வேண்டாமா?” என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. கரப்பானோடு கூடிக் குலாவுங்கள் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியோடு கலந்து குழந்தைக்கு இழுப்பை அதிகமாக்கும். அமெரிக்க நகரங்களிலே ஆஸ்துமாக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலே 1997-இலேயே இது தெரிந்தது. ஆகவே ஒழிக்கத்தான் வேண்டும். தேவைப்பட்டால் ஜெல் மருந்து வையுங்கள். கீல் இடுக்கிலே, அலமாரி மூலையிலே, குழந்தை கைக்கும் உணவுக்கும் எட்டாத இடத்திலே, கடுகளவு பொட்டு. தின்ற பூச்சி கூட்டுக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தைத் தின்றதும் சாகும். ஆனால் சிங்க் நிறைய எச்சில் பாத்திரம் கிடந்தால் அந்தக் கடுகளவு மருந்தை எந்தக் கரப்பான் சீந்தும்? கல்யாண விருந்து பக்கத்திலே இருக்க, கஷாயம் குடிக்க எவன் வருவான்? மருந்து வேலை செய்வதற்கே வழக்கம் வேண்டும். எதிரணி மருந்தை ஜெயிக்க வைப்பதும் எங்கள் அணிதான்! (பலத்த கைதட்டல்)

கடைசியாக ஒரு வார்த்தை, ஆண்களுக்கு. வழக்கம், வழக்கம் என்கிறேனே, யாருடைய வழக்கம்? விருந்தாளி வந்த வீட்டிலே ஒரு கரப்பான் ஓடினால் மாமியார் யாரைப் பார்க்கிறார்? மருமகளைப் பார்க்கிறார். பழைய பேப்பரை “எடைக்குப் போடாதே, அதில் என் கட்டுரை இருக்கிறது” என்று பத்து வருஷம் அடுக்கி வைத்தவன் நான். டிவி முன்னாலே முறுக்கு தின்று உதிர்த்தவன் பையன். கெட்ட பேர் மட்டும் அவளுக்கா? வழக்கம் என்றால் வீட்டு வழக்கம், வீட்டிலே இருக்கிற எல்லோருடைய வழக்கம். அந்த ஆஸ்பத்திரி ராத்திரிக்குப் பிறகு என் வீட்டிலே படுக்கும் முன்னே சிங்க்கைக் கழுவித் துடைப்பது இந்தப் பேராசிரியர்தான். சந்தேகம் இருந்தால் முதல் வரிசையிலே உட்கார்ந்திருக்கும் என் மனைவியைக் கேளுங்கள். (சிரிப்பு, கைதட்டல்) தலையாட்டுகிறார், பதிவு செய்துகொள்ளுங்கள்!

அசுரரோடு போரிட்ட முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை இது, அதனால் தணிகை. நமக்கும் அதுதான் பாடம். கோபத்திலே அடிப்பது மருந்து, கோபம் தணிந்து செய்வது வழக்கம். இந்த மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள். ஒரே தாவாகத் தாவி உச்சிக்குப் போனவன் எவனும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு படி. இன்று ராத்திரி முதல் படி, ஒரு சிங்க்கைத் துடையுங்கள். நாளைக்கு ஒரு குழாயைச் சரி செய்யுங்கள். அடுத்த நாள் அட்டைப் பெட்டியை வெளியே தள்ளுங்கள். ஒரு நாள் படி ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தால் வீடும் சுத்தம், குழந்தையும் பத்திரம்.

ஆகவே, கரப்பான் ஒழிய வழி வீட்டு வழக்கமே, வீட்டு வழக்கமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)