தேவதாருவும் மூளையின் தமனிகளும்

முதியவர்களுக்கு நினைவு தடுமாறினால், வயதின் இயல்பு என்று சொல்லி நாம் அமைந்துவிடுகிறோம். சிலரிடத்தில் அத்தடுமாற்றத்தின் வேர் மூளையின் சிறு தமனிகளுடைய சுவரிலே இருக்கிறது.

நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும் உடல் பெறும் பிராணவாயுவில் 20 சதவீதத்தை அதுவே செலவிடுகிறது. மூளை வேலை செய்கையில் அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதம் கழிவாகத் தோன்றுகிறது. தமனி துடிக்குந்தோறும் அதன் சுவர் வழியே இக்கழிவு வெளியேறுவதாக விஞ்ஞானிகள் கருதுகின்றனர். அவ்வழி தூர்ந்தால் புரதம் சுவரிலேயே படிகிறது, சுவர் விறைக்கிறது, துடிப்புக் குறைகிறது, துடிப்புக் குறையவே படிவு இன்னும் மிகுகிறது. இரத்த ஓட்டம் மெலிந்து நினைவு மங்குகிறது. நலிந்த சுவர் வெடித்தாலோ மூளையில் இரத்தப்பெருக்கு நேர்கிறது.

இதற்குத் தாவரங்களில் மருந்து உண்டோ என்று தேடியவர்கள் ஃப்ளேவனாய்டு என்னும் பொருள்களை நாடினர். மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ‘மஞ்சட்பொருள்’ என்று தமிழாக்கினால் சமையலறை மஞ்சள் நினைவுக்கு வரும். மஞ்சளின் குர்க்குமினோ இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே பெயரை அப்படியே கொண்டோம். இவ்வினத்தில் ஒன்று டாக்ஸிஃபோலின். சைபீரியாவின் லார்ச் மரத்திலும், வடக்கே வாழும் நம்மில் பலர் சிம்லா மலைச்சாரலில் கண்டிருக்கும் தேவதாருவிலும் அது உண்டு. வெங்காயத்திலுள்ள குவெர்செடின் அதற்கு நெருங்கிய உறவு.

இந்நோய் தோன்றும்படி மரபணு மாற்றப்பெற்ற சுண்டெலிகளுக்கு ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் டாக்ஸிஃபோலினை உணவில் கலந்து கொடுத்தனர். புரதத் திரள்கள் குறைந்தன. மூளையின் இரத்த ஓட்டம் மீண்டது. இடங்களை நினைவிற்கொள்ளும் திறனும் திரும்பியது. 2017-ல் வெளியான இவ்வாய்வு நம்பிக்கை தருவதே. ஆனால் சுண்டெலி வேறு, மனிதர் வேறு. இதைக் காட்டிக் கடைகளில் விற்கும் மாத்திரைகளை வாங்குவதும், வெங்காயத்தை இருமடங்கு உண்டு பலனை எதிர்பார்ப்பதும் நம் கருத்தில் வீண்.

கைக்கெட்டிய காப்பு ஒன்றுண்டு. இரத்த அழுத்தத்தை அடக்கிவைத்தால் இவ்வகை இரத்தப்பெருக்குக் குறைவதை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மறுபுறம், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் நலிந்த தமனி உடையவருக்கு இரத்தப்பெருக்கின் அபாயத்தைக் கூட்டக்கூடும். அதற்காக நாமே மருந்தை நிறுத்தலாகாது; மருத்துவரே முடிவு செய்யவேண்டும். ஊரிலிருந்து பெற்றோர் நம்மிடம் வந்து தங்கும்போது, இங்குள்ள மருத்துவருக்கு அவர்களின் பழைய வரலாறு தெரியாது. முன்பு மூளையில் இரத்தம் கசிந்திருந்தால், அப்போது எடுத்த படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் மறவாமல் கொண்டுவரச் சொல்லுவோம்.