ஐந்து அசையில் ஒரு தாவரவியல்



கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உயர்தரம்வரை விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்ற பிள்ளைகள், பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் அதே பாடத்தை ஆங்கிலத்திற் கேட்கிறார்கள். அவர்கள் நன்கறிந்த 'ஒளித்தொகுப்பு' அங்கே 'ஃபோட்டோசின்தஸிஸ்' ஆகிவிடுகிறது. புத்தகத்தில் கண்டால் தெரிகிற சொல் காதில் விழும்போது பிடிபடுவதில்லை.

அசை பிரித்துப் பார்ப்போம்: ஃபோ, டோ, சின், த, ஸிஸ். ஐந்து அசைகள். முதன்மை அழுத்தம் மூன்றாவதாகிய 'சின்' மேல் விழுகிறது. 'ஃபோ'வுக்கு அதனினும் மெல்லிய அழுத்தம் உண்டு. பெயரடையாக்கி 'ஃபோட்டோசின்தெற்றிக்' என்றால் அழுத்தம் 'தெற்' என்னும் நான்காம் அசைக்குத் தாவிவிடும். நம் யாப்பின் நேரும் நிரையும் வேறு. அவை குறில், நெடில், ஒற்றுப் பற்றியவை. 'ஒளித்தொகுப்பு' நிரை நிரை நேர், கருவிளங்காய். அதில் எந்த அசையையும் ஓங்கி ஒலிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ அழுத்தம் இழந்த உயிர் குறுகிவிடும். ஆய்வேட்டைக் குறிக்கும் 'தீஸிஸ்' தனித்து நிற்கையில் நெடில். இச்சொல்லின் ஈற்றில் 'தஸிஸ்' எனத் தேய்கிறது. ஐகாரக் குறுக்கம் படித்தவர்கள் இதற்கு வியக்கமாட்டார்கள்.

உறுப்புகள் மூன்றும் கிரேக்கம்: ஃபோட்டோ, ஒளி; சின், உடன்; தீஸிஸ், வைத்தல். ஒளியின் துணையால் ஒன்றுசேர்த்து வைத்தல் என்பது பொருள். 1893இல் சார்ள்ஸ் பார்ன்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் விரும்பியது 'ஃபோட்டோசின்டாக்ஸ்' என்ற சொல்லை. சின்டாக்ஸ் என்றால் இலக்கணத்தில் வாக்கிய அமைப்பு! அது நிலைத்திருந்தால் தமிழாசிரியர்களும் தாவரவியலில் பங்கு கேட்டிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதனை 'ஒளிச்சேர்க்கை' என்பர். எனக்கு நம் 'தொகுப்பு' உவப்பானது. ஒரு செயலால் ஒன்றாக்குதல் என்பது அதிலே தெளிவு. ஆயினும் ஒரு சிக்கல். 'ஒளித்தொகுப்பு' என்ற தொகையில் மறைந்திருக்கும் உருபு எது? 'ஒளியை' என இரண்டாம் வேற்றுமையாகக் கொண்ட மாணவன், இலை வெளிச்சத்தைச் சேமித்து வைப்பதாக எழுதிவிடுவான். 'ஒளியால்' என மூன்றாம் வேற்றுமையாக விரித்தாலே விஞ்ஞானம் சரியாகும். தொகுக்கப்படுவன காற்றின் காபனீரொட்சைட்டும் வேர் உறிஞ்சிய நீரும். கிடைப்பது வெல்லம், வெளியேறுவது ஒட்சிசன்.