வெயிலைக் குவித்தால் இரும்பும் உருகும்



பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பஞ்சைப் பற்ற வைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி புதிதாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. பரந்து விழுகிற வெயிலை ஒரே இடத்தில் கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பிரான்சு நாட்டில், பைரனீஸ் மலையில் ஓடெயோ என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய சூரிய உலை இயங்குகிறது. மலைச் சரிவில், படிக்கட்டு வயல் மாதிரி, 63 பெரிய கண்ணாடிப் பலகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. சூரியன் நகர நகர அவையும் திரும்பி, எதிரே பல மாடி உயரமுள்ள குழிக் கண்ணாடி மேல் வெயிலைத் தள்ளுகின்றன. அந்தக் குழிக் கண்ணாடி அத்தனையையும் ஒரு தவலை அளவு இடத்தில் சேர்க்கிறது. அங்கே சூடு 3,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். இரும்பு உருக 1,538 டிகிரி போதும்!

இவ்வளவு சூடு எதற்கு? விண்கலங்களுக்கான பொருள்களைச் சோதிக்கத்தான். அமெரிக்கா 2018-ல் சூரியனை நெருங்கி ஆராய பார்க்கர் என்ற கலத்தை அனுப்பியது. அதில் ஒரு கருவி, வெப்பக் கவசத்தின் மறைவில் இல்லாமல் வெளியே நின்று வெயிலை நேரே தாங்க வேண்டும். அதை ஓடெயோ உலையில் வைத்துப் பார்த்தார்கள். விறகோ எண்ணெயோ எரித்தால் புகையும் கரியும் பொருளில் படியும். வெயில் சூட்டில் அந்தத் தொல்லை இல்லை.

அதெல்லாம் சரிங்க, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. புகையில்லாத அந்தச் சூடு நம் அடுப்படிக்கும் வரும். திருமலையில் 2002-ல் இதே முறையில் 106 குழிக் கண்ணாடிகளை வைத்து, நீராவி எடுத்துச் சமைத்தார்கள். வீட்டுக்கென்றால், சுமார் 1.4 மீட்டர் அகலமுள்ள தட்டு போதும். நல்ல வெயிலில் 1 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 10 நிமிடத்தில் கொதிக்கும். விறகு மிச்சம். அடுப்பூதும் பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது.

ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள். மேகம் மூடினால் இது வேலை செய்யாது. ஆகவே பழைய அடுப்பைக் கைவிட்டுவிடாதீர்கள். கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை தட்டைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். தூசு படிந்தால் சூடு குறையும். பளபளப்பை உற்றுப் பார்த்தால் கண் கெடும். வேலை முடிந்ததும் தட்டைக் கவிழ்த்து, சாக்கினால் மூடுங்கள். நிமிர்ந்தபடியே விட்டுவிட்டால், பக்கத்தில் இருக்கும் வைக்கோல்போர் பற்றிக்கொள்ளக் கூடும். குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் குவித்த வெயில் ஆகாது. விதை நெல்லை 43 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் முளைப்புத் திறன் போய்விடும். அதற்கு நிழலும் காற்றும் இளவெயிலும்தான் ஏற்றவை. மிளகாய், கடலை காயவும் களத்து வெயிலே போதும்.

இரும்பை உருக்குவதும் வெயில்தான், விதையைக் காப்பதும் வெயில்தான். வேலைக்குத் தகுந்த சூட்டை அளந்து எடுத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.