டிரஸ்ட் காரின் சீட்டும் நாங்கள் செய்த தவறும்

(டிரஸ்ட் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பொருளாளர் கணக்கு வாசித்தபோது "கார் சீட் வேலை, 31,450 ரூபாய்" என்ற இடத்தில் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நாங்கள் கவனித்தோம். 1996 மாடல் அம்பாசிடருக்கு சீட் தைக்க இவ்வளவா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் பணம், எங்கள் கையில் அமானிதம். ஆகவே நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கார் நம் டிரஸ்டுக்கு எப்படி வந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். தோல் வியாபாரம் செய்த ஒரு ஹாஜியார் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டி. தோல்காரர் அல்லவா, ரெக்சின் சீட்டைக் கழற்றிவிட்டு அசல் மாட்டுத்தோலில் தைத்து வைத்திருந்தார். அவர் வஃபாத்தான பிறகு பிள்ளைகள் அதை நோயாளிகளுக்காகக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாள் வேலூருக்கு ஓடுகிறது. பெரும்பாலும் டயாலிசிஸ் நோயாளிகள். ஒருவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஊசியோடு படுக்கை. அதற்குமேல் போக ஒரு மணி, வர ஒரு மணி இந்த சீட்டில்.

இரண்டு வருடத்துக்கு முன் பின்சீட் தோல் வெடித்து, தையல் விட்டு, உள்ளிருந்து மஞ்சள் பொடி கொட்ட ஆரம்பித்தது. நாங்கள் என்ன செய்தோம்? குறைந்த விலையில் பளபளப்பான ரெக்சின் உறை ஒன்றை வாங்கி மேலே மாட்டினோம். பார்ப்பதற்குப் புது சீட். "மாஷா அல்லாஹ், வண்டி புதுசாகிவிட்டது" என்று பலர் சொன்னார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. உறை விற்ற கடைக்காரர் மீது பிழை இல்லை. நாங்கள் கேட்டதை அவர் கொடுத்தார்.

சென்ற ரபீஉல் ஆகிரில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் தொடர்ந்து இரண்டு முறை டயாலிசிஸுக்கு வரவில்லை. டிரைவர் போய்க் கேட்டால் "உடம்பு முடியவில்லை" என்றே பதில். மூன்றாம் நாள் இரவு மூச்சுத் திணறி, உடம்பில் நீர் ஏறி, அவசரமாகக் கொண்டு போனோம். அல்லாஹ் பாதுகாத்தான். பிறகுதான் அவர் மகள் எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொன்னார்: சீட்டில் உட்கார்ந்தால் கம்பி குத்துகிறதாம். தொடையில் காயமாகி, அதற்குப் பயந்துதான் வரவில்லையாம். "இலவசமாகக் கூட்டிப் போகிறார்கள், அவர்களிடம் போய் சீட் சரியில்லை என்று எப்படிம்மா சொல்வது?" என்றாராம்.

இந்த வார்த்தை எங்களை உட்கார விடவில்லை. அடுத்த நாளே சீட்டைக் கழற்றினோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் குஷன் கடை வைத்திருக்கும் நம் தம்பி ஒருவர் உறையை உரித்தார். உள்ளே ஃபோம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கையால் தொட்டால் பொரிகடலை மாவு மாதிரி உதிர்ந்தது. ஃபோமுக்கு வயது உண்டு. வெயில், ஈரக் காற்று, வியர்வை எல்லாம் சேர்ந்து அதை உள்ளுக்குள்ளேயே மக்க வைத்துவிடும். மெத்தை போனதும் உட்காருபவரின் பாரம் நேராக ஸ்பிரிங்கில் விழுகிறது. இரண்டு ஸ்பிரிங் முறிந்திருந்தன. அதில் ஒன்றின் முனை, அந்தத் தாயார் உட்காரும் இடத்தில், நாங்கள் வாங்கிய உறைக்கு அரை விரல் கீழே நின்றது.

நிர்வாகக் குழுவில் விவாதம் வந்தது. பழைய வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்றார்கள் சிலர். ஆனால் முழங்கால் மடக்க முடியாதவர்கள் குனியாமல் ஏறி இறங்க அம்பாசிடரின் கதவும் உயரமும் போல வேறு எது இருக்கிறது? இந்த வண்டித் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. ஆகவே ரெடிமேட் சீட் தேடி அலைவதைவிட கையால் செய்வதே வழி. இன்னொருவர், ஸகாத் நிதியிலிருந்து எடுக்கலாமே, பயன்படுத்துவது ஏழைகள்தானே என்றார். ஹஜ்ரத் அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஸகாத் என்பது தகுதியானவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். காருக்குச் செலவழித்தால் அது சேராது. எனவே முழுத் தொகையும் பொது நன்கொடையிலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டது. ஸகாத் கணக்கில் ஒரு ரூபாய் கூடத் தொடவில்லை. இதைப் பதிவில் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை இப்படி நடந்தது. ஸ்பிரிங் கூட்டைத் துருநீக்கி, முறிந்ததை மாற்றி, ரெட் ஆக்சைடு அடித்தார்கள். அதன்மேல் கெட்டிச் சாக்கு இழுத்துக் கட்டினார்கள். இந்தச் சாக்கு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் ஸ்பிரிங் அதை அறுத்துவிடும். சாக்கின் மேல் ரப்பர் பூசிய தேங்காய் நார்ப் பலகை, அதன்மேல் 40 டென்சிட்டி ஃபோம் இரண்டு அங்குலம், மேலாக மெதுவான ஃபோம் ஒரு அங்குலம். வெறும் மெதுவான ஃபோமே நான்கு அங்குலம் போட்டால் சுகமாக இருக்குமே என்று நாங்கள் கேட்டோம். தம்பி சிரித்தார். "பாய், அது கடையில் உட்கார்ந்து பார்க்க சுகம். ஆறு மாதத்தில் அமுங்கிவிடும், திரும்ப கம்பிதான்" என்றார். டென்சிட்டி எண் கூடக்கூட விலை கூடும், ஆனால் அமுங்கினால் திரும்பி எழும். வீட்டு சோபாவுக்கு ஃபோம் வாங்குகிறவர்களும் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

டயாலிசிஸ் முடிந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சாயும். அதற்காகச் சாய்மானத்தைத் தலை வரை உயர்த்தினோம். ஃபிஸ்டுலா போட்ட கை கதவில் இடிக்கக் கூடாது, அழுந்தவும் கூடாது. இரு கதவிலும் மெத்தை வைத்தோம். இது எங்கள் யோசனை அல்ல, நோயாளி ஒருவர் சொன்னது.

ஃபோமுக்கும் தோலுக்கும் நடுவில் தண்ணீர் இறங்காத ஷீட் ஒன்று இருக்கிறது. நோயாளி வண்டி. வாந்தி, ரத்தம், சிறுநீர் எல்லாம் படும். ஃபோமுக்குள் நஜீஸ் இறங்கிவிட்டால் கழுவிச் சுத்தம் செய்வது பெரும்பாடு. தையல் துளை வழியாகவும் நீர் இறங்கும் என்பதால் ஷீட்டை ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாகப் போட்டோம். மேலே, கழற்றித் துவைக்கும் பருத்தி உறையும் உண்டு.

இனி தோல். பின்சீட் தோல் நார் வரைக்கும் வெடித்துவிட்டது. அதை மீட்க முடியாது. ஹாஜியாரின் பிள்ளைகள் செய்தி கேட்டு 40 சதுர அடி மாட்டுத்தோல் அனுப்பினார்கள். அதற்கு நாங்கள் பணம் கொடுக்கவில்லை. உட்காரும் பக்கமும் சாயும் பக்கமும் தோல், ஓரங்களுக்கு ரெக்சின். ஓர் இளைஞர் பன்றித் தோலாக இருக்குமோ என்று சந்தேகம் கேட்டார். நியாயமான கேள்விதான், பன்றித் தோல் பதனிட்டாலும் பாக்கியாகாது. டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் 30 வருடம் வேலை பார்த்த நம் பெரியவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். பன்றித் தோலில் மயிர்த்துளை மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும், மாட்டுத்தோலில் அப்படி வராது. செருப்பு, ஷூ வாங்கும்போது உள் லைனிங்கையும் இப்படிப் பார்த்துக்கொள்ளலாம்.

முன்சீட் தோல் மேல்பூச்சில்தான் விரிசல் கண்டிருந்தது. அதைப் பெரியவரே பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஈரத்துணியில் மென்மையான சோப்பு தொட்டுத் துடைத்து நிழலில் காயவைத்தார், வெயிலில் அல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தோல் கறுத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அங்கு மட்டும் நைசான உப்புத்தாள் தேய்த்து, விரிசலில் ஃபில்லர் தடவி, காய்ந்த பிறகு மெல்லிய அடுக்குகளாகச் சாயம் ஏற்றி, கடைசியில் மேல்பூச்சு. நான்கு நாள் ஆனது. ஒரே நாளில் தடிமனாக அடித்தால் அடுத்த மாதமே உரியும் என்றார்.

அவர் கோபப்பட்டது ஒன்றுக்குத்தான். நம்மில் யாரோ அன்போடு அந்த சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து வந்திருக்கிறார்கள். பூச்சுள்ள தோலுக்குள் எண்ணெய் சரியாக இறங்காது. மேலே நின்று தூசியைப் பிடிக்கும், வெடிப்பில் இறங்கித் தையலை நனைக்கும், உட்காருபவரின் வேட்டியில் ஒட்டும். ஷூ பாலிஷும் அப்படியே. தயவுசெய்து நம் காருக்கு இரண்டும் வேண்டாம்.

அந்தத் தாயார் இப்போது தவறாமல் போய் வருகிறார். முதல் நாள் ஏறும்போது சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று டிரைவர் சொன்னார். நாங்கள் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

இப்போது காரில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். குறை எழுதுவதற்கு. எழுதத் தெரியாதவர்களிடம் மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுப் பெண்கள் நேரில் போய்க் கேட்பார்கள். இதுவரை எழுதப்பட்டது இரண்டே இரண்டு: இடது கண்ணாடி ஏறவில்லை, டிரைவர் வேகமாக ஓட்டுகிறார். கண்ணாடி சரி செய்தாகிவிட்டது. டிரைவரிடம் பேசியிருக்கிறோம்.

டிரைவர் சீட்டின் ஃபோம் இன்னும் மாற்றப்படவில்லை. ஷவ்வாலில் செய்ய உத்தேசம், இன்ஷா அல்லாஹ். பருத்தி உறைகள் மூன்று ஜோடி இருக்கின்றன. வாரம் ஒருமுறை துவைத்துக் கொடுக்க இரண்டு வீட்டார் பொறுப்பேற்றிருக்கிறார்கள், இன்னும் ஒரு வீடு வேண்டும். முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.