திருமலைப் பாதையும் பூமியின் உள்ளமைப்பும்

மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவரில் பலர் விடுமுறைக்கு ஊர் வரும்பொழுது திருப்பதிக்கும் சென்று வருவதுண்டு. மலைப்பாதையில் வண்டி ஏறுகையில் நம் மனம் சந்நிதியை நாடுகிறதேயன்றி, கண் பாதையோரப் பாறையை நோக்குவதில்லை. அப்பாறையைச் சற்றே உற்றுப் பார்ப்போமாயின், நாம் நிற்கும் நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்னும் கேள்விக்கு அங்கே ஒரு தொடக்கம் கிடைக்கும்.

அங்கே அடியில் இருப்பது கிரானைட் என்னும் கருங்கல். அதன்மேல் அமர்ந்திருப்பது, மணல் படிந்து இறுகியதால் உண்டான குவார்ட்சைட் பாறை. அக்கருங்கல் 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி உறைந்தது. அதற்கு மேலே இருந்த பாறைகள் யாவும் தேய்ந்து கரைந்த பின்னரே அது வெளிப்பட்டது. அதற்கும் பின்னர் நீர் பரவி, மணல் படிந்தது. இரு பாறைகளும் சந்திக்கும் கோட்டில் 50 கோடி முதல் 80 கோடி ஆண்டுகள் வரையிலான வரலாறு காணாமற் போயிருப்பதாகக் கணக்கிடுகின்றனர். ஏடுகள் உதிர்ந்துபோன சுவடி போன்ற இவ்விடைவெளியை ‘எபார்க்கியன் இடைமுறிவு’ என்பர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதனைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துள்ளது.

ஆழத்திற் பிறந்த கல் இங்கே மேலே வந்தது. மனிதன் ஆழத்தை நோக்கி இறங்கிய இடமும் தொலைவில் இல்லை. சித்தூருக்கு மேற்கே, கருநாடகத்தில், கோலார் தங்கவயல் உள்ளது. சித்தூர், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கும் மேல். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்து மாண்டவர் பலர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இத்தனை உயிர்களைக் கொடுத்து எட்டிய ஆழம், பூமியின் மையம் வரையுள்ள 6,371 கிலோமீட்டரில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கேயாகும்.

எஞ்சிய ஆழத்தை அறிந்தது எவ்வாறு? பூகம்பத்தின் அதிர்வலைகளைக் கொண்டுதான். அதே ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஓல்ட்ஹாம், 1897ஆம் ஆண்டின் அசாம் பூகம்பத்தை ஆராய்ந்து, அலைகள் வகைவகையாக வந்து சேர்வதைக் கண்டார். பூமிக்கு நடுவே ஒரு கரு உண்டென்று 1906இல் அவர் எடுத்துக்காட்டினார். ஒருவகை அலை திரவத்தினூடே செல்லாது. அது கருவைக் கடக்கவில்லை. ஆகவே வெளிக்கரு திரவமென்று பின்னர் தெளிவாயிற்று. அதனுள்ளே திண்மையான உட்கரு இருப்பதை டென்மார்க்கின் இங்கே லேமன் அம்மையார் 1936இல் வெளிப்படுத்தினார்.

சித்தூர்ச் சீமைக்குப் புகழ் தரும் மாம்பழத்தை நினைத்துக்கொள்வோம். தோல்தான் புவியோடு, கண்டங்களின் கீழே அது சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிப்புடையது. சதை, 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பரவிய மூடகம். கெட்டியான பாறையேயாயினும் யுகக் கணக்கில் மெல்ல நகர்வது. கொட்டை, இரும்பு மிகுந்த வெளிக்கரு. ஆனால் இக்கொட்டை திரவமாயிருப்பது. உள்ளிருக்கும் பருப்பே உட்கரு. கோலாரில் நம்மவர் இறங்கியது அத்தோலின் மேற்புறத்தையே!

2021 டிசம்பரில், பெருமழைக்குப் பின் திருமலைப் பாதையில் பாறைகள் சரிந்து விழுந்தன. யாத்திரிகர்களைக் காக்கச் சரிவுகளை உறுதிப்படுத்துவது இன்றியமையாதது. எனினும் அந்த இடைமுறிவு தெரியும் முகப்பையும் சிமெண்டு பூசி மூடிவிட்டால், இழந்ததை மீண்டும் எழுதுவார் இல்லை. பாதுகாப்பும் வேண்டும், அச்சுவடி திறந்திருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் வழி காண்பது பொறியாளர் கடமை. மலையேறும்போது குழந்தைகளுக்கு அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டுவது நம் கடமை.