எள்ளளவுச் சாளரம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“கவிதையில் நுண்வேலை” எனும் பொருளில் உரையாற்றுமாறு வட்டத்தார் என்னைப் பணித்தனர். இத்தகைய பொருளை உவமையிலிருந்தோ உள்ளுறையிலிருந்தோ தொடங்குவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். நான் இன்று விண்கலத்திலிருந்து தொடங்க விழைகிறேன். அறிவியல் புனைவுத் திரைப்படங்களுக்கெனச் செய்யப்பெற்ற விண்கலச் சிற்றுருக்களையும், அவற்றைப் பார்த்து ஆர்வலர்கள் தம் வீட்டு மேசைமீது மாதக்கணக்கில் இழைத்து உருவாக்கும் பெரிய சிற்றுருக்களையுமே குறிப்பிடுகிறேன். கெங்கவல்லியில் கூடிய தமிழவையில் இதற்கென்ன இடம் என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நம்முடைய நூல்களே அவ்வையத்தைத் தீர்த்து வைக்கும்.

மயிற்பொறியும் அதன் பொருட்பட்டியலும்

புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஓட்டுவோன் இன்றிச் செல்லும் வானூர்தி ஒன்றைக் குறிக்கிறார். நமக்கு அண்மையிலுள்ள கொல்லிமலையின் பாவையோ, காண்போரை மயக்கிக் கொல்லும் உருவமாகச் சங்கப் பாடல்கள்தொட்டுப் பேசப்படுகிறது. கொங்குவேளிரின் பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க எந்திர யானை ஒன்று செய்யப்படுகிறது. அதன் வயிற்றில் வீரர்கள் மறைந்திருக்கின்றனர். இவை அனைத்தினும் நம் பொருளுக்கு நெருக்கமானது திருத்தக்கதேவர் படைத்த மயிற்பொறி. சச்சந்தன் ஆணைப்படி கம்மியன் செய்த அப்பொறியில் ஏறியே, கருவுற்ற விசயை பகைவரிடமிருந்து தப்பிச் சுடுகாட்டில் சென்று இறங்குகிறாள். அங்கே சீவகன் பிறக்கிறான்.

1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சிந்தாமணியைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு தலைமுறை மாணவரும் ஆசிரியரிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: “அம்மா, அது உண்மையில் பறந்ததா?” இவ்வினாவிற்கு “ஆம், நம் முன்னோர் வானூர்தி செய்தனர்” என்று விடையிறுப்பது எளிது, கைதட்டலும் கிட்டும். ஆயினும் அது தேவருக்குச் செய்யும் நன்றி ஆகாது. வைமானிக சாத்திரம் என்னும் வடமொழி நூலைப் பழமையான விமான நூல் எனப் பலர் கொண்டாடியபொழுது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஐவர் அதனை ஆராய்ந்தனர். 1974இல் வெளியான அவர்தம் கட்டுரை, அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என்றும், அதில் கூறப்பெற்ற கலங்கள் பறக்கவியலாதவை என்றும் நிறுவியது. உண்மையைச் சொல்வதால் தமிழ் குறைந்துபோவதில்லை.

மயிற்பொறி பறக்கவில்லை. எனினும் நாம் அதனை நம்புகிறோம். ஏன் நம்புகிறோம் என்பதே கவிஞர் கேட்கவேண்டிய வினா. தேவர் மந்திரத்தால் மயிலை எழுப்பவில்லை. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு எனப் பட்டறைப் பொருள்களைப் பட்டியலிடுகிறார். ஏழு நாளில் வேலை முடிந்ததெனக் காலத்தையும் வரையறுக்கிறார். பொறியை வலமாகத் திருகினால் எழும், இடமாகத் திருகினால் இறங்கும் என இயக்கத்தையும் கூறிவிடுகிறார். கைக்குப் பழகிய ஐந்து பொருள், ஏழு நாள், இரு திருகல்: இவ்வளவே. இச்சிறு மெய்கள் அனைத்தும் கூடி ஒரு பெரும் புனைவைத் தாங்கி நிற்கின்றன. இன்றைய சிற்றுருக் கலைஞரின் மேசையிலும் ஏறத்தாழ இவையே உள்ளன. பிசினுக்கு மாற்றாக ரெசின், அரக்கிற்கு மாற்றாகப் பிளாஸ்டிக் என்று பெயர்கள் மாறியுள்ளன.

சிறியது பெரியதாகும் விதம்

இனித் திரைப்பட விண்கலங்களுக்கு வருவோம். இத்துறையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்தோடு இணைந்து ‘காடு’ என்னும் படத்தை எடுத்தபொழுது, யானைகளின்மேல் அடர்ந்த மயிரைப் போர்த்தி, அழிந்தொழிந்த மாமூத் விலங்குகளாகத் திரையில் உலவவிட்டனர். 1963இல் ஏ.காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில், வேற்றுலகத்தார் கலத்தில் வந்து தமிழ்ப்பெண் ஒருத்தியை இசைக்காகவே கொண்டுசெல்கின்றனர். நம் பாட்டிற்கு விண்ணிலும் தேவை இருந்ததெனக் கற்பனை செய்த படம் அது!

எனினும் சிற்றுருக் கலையின் நுட்பம் முழுமையாக வெளிப்பட்டது 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில்தான். அதன் தொடக்கக் காட்சியில் ஒரு சிறு கலம் தப்பியோட, அதனைத் துரத்தும் பெருங்கலம் திரையின் மேல்விளிம்பிலிருந்து நுழைந்து, முடிவே இன்றி நீண்டுகொண்டே செல்கிறது. கதையில் அதன் நீளம் 1,600 மீட்டர். படப்பிடிப்பிற்குச் செய்த சிற்றுருவின் நீளமோ 91 சென்டிமீட்டர். இதனினும் வியப்பு, தப்பியோடும் ‘சிறிய’ கலத்திற்கெனச் செய்த முதன்மைச் சிற்றுரு ஏறத்தாழ ஆறடி நீளம் உடையது. மூன்றடி உருவம் மாமலையாகவும் ஆறடி உருவம் அதன் இரையாகவும் தோன்றின. காமிராவின் நெருக்கமும் நுண்வேலையின் அடர்த்தியும் சேர்ந்து விளைத்த விளைவு அது. கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் நுண்ணுறுப்புகள் செறிந்து கிடப்பின், இவ்வளவு உறுப்புகளைத் தாங்கும் உடல் எத்துணைப் பெரிதோ என உள்ளம் தானே கணக்கிட்டுக்கொள்கிறது.

அந்நுண்ணுறுப்புகள் எங்கிருந்து வந்தன? கடைகளில் விற்கும் பீரங்கி வண்டி, போர்க்கப்பல், விமானம் ஆகியவற்றின் பிளாஸ்டிக் கிட் பெட்டிகளிலிருந்து வந்தன. 1968இல் வெளியான ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்திற்குச் செய்யப்பெற்ற ஐம்பத்து நான்கடி நீள ‘டிஸ்கவரி’ கலத்தின் மேற்பரப்பிலும் இத்தகைய கிட் உறுப்புகளே செறிந்திருந்தன. பீரங்கி வண்டியின் சக்கரம் விண்கலத்தில் குளிர்விப்பானாகும். கப்பலின் பாய்மரத்துண்டு அலைவாங்கியாகும். இவ்வாறு ஒட்டப்படும் சில்லறை உறுப்புகளை ‘கிரீபிள்’ என்று அத்தொழிலாளர் வழங்கினர். பல கிட்களை உடைத்து ஒன்றாக்குவதை ‘கிட்பேஷிங்’ என்பர்.

கவிஞர்கள் ஈண்டுச் சற்றே நின்று நோக்கவேண்டும். பிறர் உறுப்பை எடுத்தாளுதல் திருட்டா? முதனூல், வழிநூல் என்று வகுத்த தமிழ் இலக்கணம் எடுத்தாளுதலை இழிவாகக் கருதவில்லை. வான்மீகியின் கதையைக் கொண்டே கம்பன் தன் காப்பியத்தைச் செய்தான். சிற்றுருக் கலைஞரிடம் இதற்கொரு தெளிவான அளவுகோல் உண்டு. ஒட்டிய பின்னரும் பார்ப்பவர் “இது பீரங்கிச் சக்கரம்” என்று இனங்கண்டால் வேலை கெட்டது. சக்கரம் தன் பழைய பெயரை மறந்து புதிய உடலின் உறுப்பாகிவிட்டால் வேலை வென்றது. பாரதியின் சொற்களும் அண்மைக் கவிஞர்தம் படிமங்களும் நம் கவியரங்குகளில் பெயர் மாறாமலே உலவுவதை இவ்வளவுகோலால் நாமே அளந்துகொள்ளலாம்.

அளவே முதற்பொருள்

வீட்டில் பெரிய சிற்றுரு செய்வோர் பலரும் விரும்பும் கலம், ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ‘என்டர்பிரைஸ்’. கதைப்படி அதன் நீளம் 289 மீட்டர். 2012இல் வெளிவந்த கிட், 350இல் ஒரு பங்கு அளவுடையது. ஆகவே நீளம் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். இவ்வளவில் ஐந்தரை அடி மனிதர் ஐந்து மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவானவர். ஓர் அரிசிமணி எனலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள சாளரம் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அஃது ஓர் எள்.

இக்கணக்கு கலைஞரின் கையைக் கட்டுப்படுத்துகிறது. தகடுகள் பொருந்தும் கோட்டை அரை மில்லிமீட்டர் அகலத்தில் கீறினால் மேசைமீது அது மயிரிழையாகத் தோன்றும். 350ஆல் பெருக்கினாலோ உண்மைக் கலத்தில் அது பதினேழரை சென்டிமீட்டர் பிளவாகும்! கைநுழையும் ஓட்டையுடன் எந்தக் கலம் விண்ணில் செல்லும்? ஆகவே அவர் கோட்டினை ஆழமாகக் கீறுவதைத் தவிர்த்து, சாம்பல் நிறத்திலேயே இரண்டு மூன்று சாயல்களை மாற்றி மாற்றி ஏர்பிரஷால் தெளித்துத் தகடுகளின் வேறுபாட்டைக் காட்டுகிறார்.

அதற்கு முன்னரும் வேலை உண்டு. இணைப்புகளுக்குப் பட்டி பார்த்து உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். உள்ளே விளக்கு வைப்பதாயின், உட்சுவர்க்கு முதலில் கருநிறமும் அதன்மேல் வெண்ணிறமும் பூசவேண்டும். கருநிறம் ஒளி சுவரை ஊடுருவாமல் தடுக்கும். வெண்ணிறம் ஒளியைச் சாளரங்களுக்குத் திருப்பும். இதனைச் செய்யாவிடில் விளக்கேற்றியதும் கலம் முழுதும் காகித விளக்குப்போல் ஒளிர்ந்து, மாயம் கலைந்துவிடும். மிகச் சிறிய சாளரங்களுக்கு நுண்துளையிட்டு ஒளியிழைகளைச் செருகுவர். அவ்விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தைச் சிற்பியர் இறுதியாகச் செய்யும் கண்திறப்போடு ஒப்பிடத் தோன்றுகிறது. எள்ளளவு சாளரம் ஒளிரும்போதுதான் அங்கே எவரோ வாழ்கின்றனர் என்று நாம் உணர்கிறோம்.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று வகுத்ததை இம்மேசைமீதும் காணலாம். அளவு முதற்பொருள், சாளரமும் தகடும் கருப்பொருள், அங்கே எவரோ வாழ்கின்றனர் என்னும் உணர்வே உரிப்பொருள். முதற்பொருளோடு பொருந்தாத கரு, உரியைக் கெடுக்கும். எடுத்துக்காட்டாக, பழமை காட்டவேண்டிக் கலத்தின் பக்கங்களில் மழைநீர் வழிந்த கறையைத் தீட்டுவோர் உளர். தரையிறங்கும் கலத்திற்கு அது தகும். தரையையே காணாது விண்ணிலேயே உலவும் கலத்தில் மழை எங்ஙனம் பெய்தது? அது பாலைநிலத்தில் நெய்தற்பூவைப் பூக்கச்செய்வது போன்றது. காரணமுள்ள மயக்கத்தை இலக்கணம் ஏற்கும். காரணமற்றது வெறும் பிழை.

மிகையும் குறையும்

நுண்வேலை என்றதும் நிரப்பிக்கொண்டே செல்லவேண்டும் எனக் கருதுதல் ஆகாது. என்டர்பிரைஸை வடிவமைத்த மாட் ஜெஃப்ரிஸ், பொறிகள் பழுதுபட்டால் உள்ளிருந்தே சரிசெய்யும் வகையில் அவை உள்ளே இருத்தல்வேண்டும் எனக் கருதி, கலத்தின் புறத்தை மழமழப்பாக விட்டார். ஒரு கலம் வெறுமையாலும் மற்றொன்று செறிவாலும் பெருமை பெறுகின்றன. குறுந்தொகையும் சிந்தாமணியும் ஒரே மொழியில் வாழ்வது போல.

1964இல் மரமும் பிளாஸ்டிக்கும் உலோகமும் கொண்டு செய்யப்பெற்ற பதினோரடி என்டர்பிரைஸ், 1974இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பெற்றது. 1990களின் தொடக்கத்தில் அதனைப் புதுப்பித்தபொழுது, மூலத்தில் மெல்லிதாக இருந்த தகட்டுக் கோடுகள் அழுத்தமாகத் தீட்டப்பட்டன; மிகையென ஆர்வலர் பலர் வருந்தினர். மீண்டும் ஆராய்ந்து, 1967இல் இருந்த தோற்றத்திற்கு அதனைக் கொணர்ந்து 2016இல் காட்சிக்கு வைத்தனர். தட்டின் மேற்புறத்தில் எஞ்சியிருந்த பழைய வண்ணத்தை மூடாமல் காத்தனர். பழந்தமிழ்ப் பாட்டிற்குப் புத்துரை காண்போர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று. விளக்கம் மூலத்தை மூடிவிடலாகாது.

அச்சிற்றுருவில் மற்றொரு செய்தியும் உண்டு. அதன் இடப்பக்கம் நிறைவு செய்யப்படாதது. விளக்குகளுக்கான மின்கம்பிகள் அப்பக்கமாக நுழைந்தமையால், காமிரா எப்பொழுதும் வலப்பக்கத்தையே நோக்கியது. காணப்படாத பக்கத்திற்கு உழைப்பு வேண்டாம் என்பது படப்பிடிப்பின் நியாயம். நம் கெங்கவல்லி வட்டத்திலேயே உள்ள தம்மம்பட்டியின் மரச்சிற்பிகளை எண்ணிப் பாருங்கள். வாகை மரத்தையும் தூங்குமூஞ்சி மரத்தையும் உளியால் செதுக்கி அவர்கள் செய்யும் வாகனங்கள் தெருவில் உலாச் செல்வன. நான்கு திசையிலும் மக்கள் நிற்பர். காணாத பக்கம் என்று ஒன்று அங்கில்லை. கவிதை இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது? கவியரங்கில் ஒரு முறை கேட்கப்படும் பாட்டு ஒரு பக்கத்தையே காட்டுகிறது. ஓசையாலும் குரலாலும் மறுபக்கம் மறைந்துவிடும். நூலாகி, பத்தாண்டு கழித்துத் தனியே இருந்து படிக்கும் வாசகர் அதனைச் சுற்றிவந்து பார்ப்பார். அப்பொழுது கம்பிகள் தெரிந்துவிடும்.

இப்பத்தாண்டு மலரை அத்தகைய வாசகர் ஒருவர் என்றேனும் கையிலெடுப்பார். நம் கவிதைகளில் மலை வருகிறது. அது பச்சைமலையா, கொல்லிமலையா என்று அவரால் கூறவியலுமா? ஆறு வருகிறது, சுவேத நதியின் மணல் அதில் உள்ளதா? உழவர் வருகிறார்; அவர் பயிரிட்டது மரவள்ளியா, மஞ்சளா? பொதுச்சொல்லால் எழுப்பிய மலை எத்துணை உயரமெனக் கூறினும் மூன்றடியாகவே நின்றுவிடும். மெய்யான ஓர் எள்ளளவுச் சாளரத்தைத் திறந்து வைத்தால், அதன் வழியே ஓர் உலகமே பெரிதாகும்.

அடுத்த பத்தாண்டில் திங்கள்தோறும் படிக்கப்பெறும் கவிதை ஒவ்வொன்றிலும், கவிஞர் தம் கண்ணால் கண்டு, அளந்து, வைத்த பொருள் ஒன்றேனும் இருத்தல்வேண்டும் என்பதே இவ்வவையின்முன் நான் வைக்கும் வேண்டுகோள். அதனைக் கேட்போர் உறுப்பினரிடம் “அது என்ன மரம்? அது எந்தத் துறை?” என வினவட்டும், கவிஞர் விடை கூறட்டும். பாராட்டுரையினும் அவ்வினாவே வட்டத்தை வளர்க்கும்.