செல்வ நாட்டில் மருத்துவச் செலவு



அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2023ஆம் ஆண்டு மருத்துவத்துக்கென ஆளொன்றுக்குச் சராசரியாக 14,570 டாலர் செலவாயிற்று. ஆயினும் அவ்வாண்டில் ஏறத்தாழ 2.6 கோடி மக்களுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது?

1942இல், போர்க்காலத்தில், ஊதிய உயர்வுக்கு அந்நாட்டரசு வரம்பு கட்டியது. தொழிலாளரை ஈர்க்க விரும்பிய முதலாளிகள் ஊதியத்துக்கு மாற்றாகக் காப்பீடு வழங்கினர். அவ்வழக்கமே வேரூன்றிற்று. விளைவு? வேலை போனால் காப்பீடும் உடன் போகிறது, நோயோ போவதில்லை!

முதியோர்க்கும் வறியோர்க்கும் 1965இல் சட்டம் பிறந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்பீடற்றோர் தொகை பெரிதும் குறைந்தது. எனினும் அறவே நீங்கவில்லை.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவர் நாம். வேலையை நம்பி நிற்கும் பாதுகாப்பு எத்துணை மெல்லியது என்பதை நாம் நன்கறிவோம். நோயுற்றவன் எனும் ஒன்றே மருத்துவம் பெறும் தகுதியாதல் வேண்டும்.